தாய்மொழி மறந்தவர்

"இந்தம்மாவுக்கு நம்ம பாஷை மறந்துபோச்சாய்யா?"

காதைக் கடிப்பதாக நினைத்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி அமைச்சர் தன் செயலாளரிடம் கேட்டார்.

எதிரே இருந்த பேராசிரியர் முகத்தில் சலனமே இல்லை. அவரும் அமைச்சரின் நாட்டில் பிறந்தவர்தான். இந்த நாட்டுக்குப் படிக்க வந்து, கேன்டீனில் தட்டு கழுவி, சர்வதேசச் சட்டம் படித்து, அதையே பல்கலைக்கழகத்தில் நடத்தியவர். இப்போது இந்த நாட்டின் சிறப்புத் தூதர். பேச்சுவார்த்தை என்றால் அவரைத்தான் உட்கார வைக்கிறார்கள்.

விமானம் ஏறும்வரை அமைச்சருக்கு அவர் 'நம்ம பொண்ணு'. மேடைக்கு மேடை அப்படித்தான் முழங்கினார். நம்ம பொண்ணு பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, இந்த நாட்டு மொழியிலேயே பேச ஆரம்பித்ததும் அமைச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் மாணவர் விசா. இரண்டு நாடுகளும் முறைத்துக்கொண்டதில், கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகள் வீட்டில் முடங்கிக் கிடந்தார்கள். இன்று கையெழுத்தானால் புறப்படலாம். செயலாளரின் மகளும் அவர்களில் ஒருத்தி.

பேராசிரியர் ஒரு நிபந்தனையில் திருத்தம் கேட்டார். நியாயமான திருத்தம்தான். அமைச்சர் நாற்காலியில் சாய்ந்தார்.

"தட்டு கழுவினவ நமக்குப் பாடம் எடுக்கறா பாரு."

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார். "தங்களின் உழைப்பும் கல்விப் பணியும் போற்றத்தக்கவை என்கிறார் அமைச்சர்."

"நன்றி" என்றார் பேராசிரியர்.

இரண்டு மொழியும் தெரிந்த செயலாளர் அவசரமாக அந்தத் திருத்தத்தை எழுதி அமைச்சர் முன் நகர்த்தினார். பேராசிரியருக்கு எதுவும் புரியவில்லை என்ற நினைப்பில் அமைச்சருக்கோ தைரியம் கூடிவிட்டது.

"பொறந்த மண்ணுக்கு ஒரு கையெழுத்துப் போட இவ்வளவு பிகுவா?"

"தங்களின் நிதானம் இரு நாட்டு உறவுக்கும் நல்லது என்கிறார்."

அடுத்து அமைச்சர் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. பேராசிரியரின் குடும்பத்தையும் இழுத்தார். மொழிபெயர்ப்பாளரே ஒரு கணம் தடுமாறிவிட்டு, இங்கே பருவநிலை மிக இதமாக இருப்பதாக அமைச்சர் மகிழ்கிறார் என்றார்.

பேராசிரியர் தண்ணீர் குடித்தார். பிறகு பேனாவைத் திறந்து, திருத்திய தாளில் கையெழுத்துப் போட்டார்.

தாய்மொழியையே தொலைத்தவளிடம் காரியம் சாதித்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டே அமைச்சர் காருக்குப் போனார். செயலாளருக்கும் மனத்தாங்கல்தான். எவ்வளவு பெரிய பதவிக்கு வந்தால் என்ன, பெற்றவள் பேசிய மொழியை இப்படியா மறப்பது?

இருந்தாலும் மனசு கேட்காமல் அறைக்குத் திரும்பி, மொழிபெயர்ப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்ணு படிப்பைக் காப்பாத்திட்டீங்க சார். நல்ல வேளை, அவர் பேசினது மேடத்துக்குப் புரியலை."

காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த பேராசிரியர் நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் தாய்மொழி அவர் வாயில் துளியும் பிசகாமல் வந்தது.

"எனக்குப் புரிஞ்சதுன்னு காட்டியிருந்தா, இந்தப் பதவியோட மரியாதைக்காக நான் அப்பவே எழுந்து போயிருக்கணும் தம்பி. அப்புறம் உங்க பொண்ணு எப்படிப் படிக்க வருவா?"