ஊருக்கெல்லாம் ஒரு ஸ்டேட்டஸ்

"இவனை பிளாக் பண்றது எப்படின்னு மட்டும் சொல்லும்மா. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

புதுக் கண்ணாடி வாங்கிப் போக வந்த தங்கையிடம், கண்ணாடிக் கடைக்காரர் தன் போனை நீட்டினார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"யாரைண்ணா?"

"வேற யாரை? உன் செல்லத் தம்பியைத்தான்."

தங்கையின் முகம் வாடிவிட்டது. கடையில் கூடவே இருந்து லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்த தம்பி, "எனக்கு இது சரிப்படலைண்ணா" என்று லாரி ஓட்டப் போனதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை கிடையாது.

"நம்பரையாவது விட்டு வைண்ணா. அது ஒண்ணுதான் மிச்சம். அப்படி என்ன பண்ணிட்டான்?"

"என்ன பண்ணிட்டானா? தினமும் ஒரு ஸ்டேட்டஸ்! தின்னது, தூங்கினது, தும்மினது எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஊருக்குக் காட்டுறான். லாரிக் கண்ணாடியில சட்டையைக் காயப் போட்டா அதுக்கு ஒரு போட்டோ. லாரிக்கு அடியில நாய் தூங்கினா அதுக்கு ஒரு போட்டோ. நாய் தூங்கினா ஊருக்கென்ன?"

"பிடிக்கலைன்னா பார்க்காதே."

"கண்ணுல படுதே!"

தானாகப் படாது, விரலால் தொட்டுத் திறந்தால்தான் படும். அது அவருக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைக் கிளறவில்லை.

"இதைப் பாரு. இன்னைக்குப் போட்டது."

தட்டில் ஓர் அவித்த முட்டை. நூலால் அறுத்த இரண்டு பாதி.

காட்டும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஞாபகம் இருக்கா? ரெண்டு பேருக்கு ஒரு முட்டைதான். கத்தியில வெட்டினா மஞ்சள் கரு ஒரு பக்கமாப் போயிடும், சண்டை வரும். அதுக்காக அம்மா தையல் நூலை எடுத்துக் குடுப்பாங்க. ஒரு முனையை அவன் பிடிப்பான், ஒரு முனையை நான் பிடிப்பேன்."

"மறக்குமா? எனக்குத்தான் முட்டை வாடையே ஆகாதே. உங்க கூத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"இப்ப மறுமுனையை எவன் பிடிச்சானோ."

"பல்லால கடிச்சுப் பிடிச்சிருப்பான்ணா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் சமையலறை, மூன்று பேரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தது, அவன் தன் பாதியைத் தின்று முடித்துவிட்டு இவர் பாதியைப் பார்த்த பார்வை எல்லாம் வரிசையாக வந்தன. அந்த நாட்கள் இனி வராது என்று நினைத்ததும் நெஞ்சு வலித்தது. வலித்ததும் கோபமும் கூடவே வந்துவிட்டது.

"இதெல்லாம் நம்ம வீட்டு விஷயம். போறவன் வர்றவனெல்லாம் எதுக்குப் பார்க்கணும்? உன் போன்லயும் வந்திருக்கும், எடுத்துப் பாரு அந்த லட்சணத்தை."

தங்கை தன் போனில் தேடினாள். "எனக்கு ஒண்ணும் வரலையேண்ணா. அவன் ஸ்டேட்டஸ் வெக்கிறான்னே எனக்கு இப்பத்தான் தெரியும்."

அவர் வீட்டுக்கு போன் போட்டு மனைவியைக் கேட்டார்.

"எந்த ஸ்டேட்டஸ்?" என்றாள் அவள்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பார்த்தியா! கூடப் பிறந்தவளுக்கு மறைச்சு, அண்ணிக்கு மறைச்சு, ஊரானுக்குக் காட்டுறான். என்ன நெஞ்சழுத்தம்! எனக்கு மறைக்க மட்டும் மறந்துட்டான் போல. பிளாக் பண்ணு முதல்ல."

"இரு, அவனையே கேட்டுடுறேன்." தங்கை தம்பியின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, போனை மேஜை மேல் வைத்தாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு ஒரு கண்ணாடியின் திருகை முடுக்க ஆரம்பித்தார்.

"சொல்லுக்கா." சரக்கு ஏற்றும் சத்தத்துக்கு நடுவே தம்பியின் குரல். கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

"ஏன்டா, தினம் ஸ்டேட்டஸ் வெக்கிறியாமே?"

"யாரு சொன்னதுக்கா? அண்ணனா? என்னைப் பத்திப் பேசினாரா?"

"முதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லு. யாருக்குடா காட்டுறே அதையெல்லாம்?"

சரக்கு ஏற்றும் சத்தத்தை விட்டு அவன் தள்ளிப் போவது கேட்டது.

"அது... ஒருத்தருக்கு மட்டும் தெரியுற மாதிரி வெச்சிருக்கேன்க்கா. அண்ணனுக்கு மட்டும்."

கடைக்காரரின் கை நின்றது.

"போன் பண்ணாதேன்னார், பண்ணலை. மெசேஜ் அனுப்பாதேன்னார், அனுப்பலை. ஸ்டேட்டஸ் வெக்காதேன்னு சொல்லலையே."

"அதுக்காகக் கண்டதையெல்லாமாடா போடுவே?"

"சின்ன வயசுல ஒரே போர்வையில படுத்துக்கிட்டு, அன்னைக்கு நடந்த கண்டதையெல்லாம் அவர்கிட்டதானேக்கா சொல்வேன்? அவர் 'ம்' கொட்டினாத்தான் எனக்குத் தூக்கம் வரும். இப்பவும் படுக்கும்போது எடுத்துப் பார்ப்பேன். 'பார்த்தவர் ஒருவர்'னு வந்திருக்கும். சரி, அண்ணன் 'ம்' கொட்டிட்டார்னு நெனச்சுக்கிட்டுத் தூங்கிடுவேன்."