கொம்பு ஏன் முன்னுக்கு?

"அடுத்த ஆள் வாங்க!" என்று கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்த விஜயலெட்சுமி டீச்சரின் முகம் சுருங்கியது.

"நீங்க எதுக்கு இங்க?"

"பெற்றோர் சந்திப்புதானே டீச்சர்? வரிசையில நின்னுதான் வந்தேன்" என்றபடி ஜெயராசா தன் பெரிய உடம்பைக் குட்டி நாற்காலிக்குள் திணித்தார். பதுளைக் கடைவீதியில் ஹார்ட்வேர் கடை முதலாளி அவர். கடைப் பையன்களை விரட்டும் குரல் இங்கே தொண்டைக்குள் பம்மிக்கொண்டது.

"உங்க மக பக்கத்து வகுப்பு. அங்க போங்க."

"எழுத்து வராத புள்ளைங்களுக்குப் பொறுமையா சொல்லித் தர்றது நீங்கதான்னு ஊரே சொல்லுதே!"

பொய்யில்லை. திணறுகிற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, தலையைத் தடவித் தடவி வாசிக்க வைத்துவிடுவார் டீச்சர்.

"சரி, சீக்கிரம் சொல்லுங்க. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"எம் மக லக்ஷிகா தண்ணி மோட்டரைக் கழட்டிப் பூட்டிருவா டீச்சர். மெக்கானிக் பூட்டினா மூணு ஆணி மிஞ்சும், இவ பூட்டினா ஒண்ணும் மிஞ்சாது. ஆனா 'தேயிலை'ன்னு எழுதச் சொன்னா, கொம்பைக் கொண்டுபோய் 'த'வுக்குப் பின்னால போடுறா. ஏன்டின்னா, 'வாயில த்-தானேப்பா மொதல்ல வருது, ஏ பின்னாலதானே வருது? அப்புறம் கொம்பு ஏன் முன்னுக்கு நிக்குது?'ன்னு கேக்குறா."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டார்.

"டாக்டர் டிஸ்லெக்சியான்னுட்டாரு. புத்தி கூர்மைதான், எழுத்தோடதான் தகராறுன்னாரு. அவ அம்மா நம்பணுமே! சோம்பேறித்தனம்னு அடிமட்டக் கட்டையால வெளுக்குறாங்க."

"மெதுவாப் பேசுங்க!" டீச்சர் பல்லைக் கடித்தார். "அம்மான்னா கண்டிக்க மாட்டாங்களா? நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு அவங்களுக்கும் பயம் இருக்கும்ல?"

"இருக்கும். அந்தப் பயத்துக்கு எம் மக கை ஏன் வீங்கணும் டீச்சர்?"

சொன்ன பிறகு ஜெயராசா நாற்காலியோடு அரையடி பின்னால் நகர்ந்துகொண்டார். வீட்டில் மனைவியிடம் இந்தளவு வாயைத் திறந்திருந்தால் சட்டி பறந்திருக்கும். இங்கே இத்தனை பேர் பார்க்க எதுவும் பறக்காது என்ற தைரியத்தில் தொடர்ந்தார்.

"நேத்து எங்கிட்ட வந்து, 'நான் மக்குதானேப்பா?'ன்னு கேட்டா. இப்ப மோட்டர் பக்கமே போறதில்ல." பெற்ற வயிறு மட்டும்தான் எரியும் என்று யார் சொன்னது?

டீச்சர் மேசையிலிருந்த பெயர்ப் பட்டியல்மேல் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"அந்தம்மா இப்ப என்ன செய்யணுங்கிறீங்க?"

"மத்தவங்க புள்ளைங்ககிட்ட நீங்க எப்படி இருக்கீங்களோ, அப்படி இருந்தாப் போதும்."

வரிசையில் யாரோ செருமினார்கள். டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, கிளம்புங்க. ராத்திரிக்கு ரொட்டிய நீங்களே சுட்டுருங்க" என்றார் மெல்ல. "எனக்கு எம் மககிட்ட மன்னிப்புக் கேக்கணும், நேரமாகும்."