யார் தேய்த்தது?

"பளபளன்னு இருக்குய்யா! கண்ணாடி தோத்துடும்!"

தொட்டியிலிருந்து ஒரு கரிக்கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார் பொறியாளர். புதிதாகக் கேட்பவர்கள் பாராட்டு என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

கழிவுநீர் நிலையத்தின் சோதனைத் தொட்டி அது. கம்பிகளின் மேல் கறுப்பாக, வழவழவென்று நுண்ணுயிர்கள் படிந்திருக்கும். லேசாகக் கரண்ட் கொடுத்தால் போதும், தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். ஏழு மாதம் வளர்த்த படலம். "நம்ம புள்ளைங்க" என்றுதான் ஆபரேட்டர் சொல்வார்.

இப்போது மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. எட்டில் இருந்த நைட்ரேட் அளவு நாற்பத்தொன்றுக்கு ஏறிவிட்டது. யார் பொறுப்பு என்று மேலிடம் குடைகிறது.

"யாருய்யா தேய்ச்சது?"

"என் ஷிஃப்ட்லதான் சார் நடந்துது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!"

"என் பொறுப்பு சார்."

"விசிட்டர் வர்றாங்கன்னு தேய்ச்சு வெச்சீங்களா? இது என்ன உங்க வீட்டு அண்டாவா? உங்களையெல்லாம் எந்தப் புண்ணியவான் சிபாரிசு பண்ணி உள்ள விட்டானோ!"

ஆபரேட்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்படியே மென்று விழுங்கிவிட்டார்.

சாயங்காலமே வேலைநீக்க உத்தரவு கைக்கு வந்தது. லாக்கர் சாவியை மேசையில் வைத்தார்.

"தண்ணி சூடு குறையாம பார்த்துக்குங்க சார். மறுபடி வளரும்."

அதோடு போய்விட்டார்.

வீடு திரும்பும் வழியில் பொறியாளர் தங்கை வீட்டுக்குள் நுழைந்தார். தங்கை கணவருக்கு நாலு நாளாகக் காய்ச்சல். இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தவரை, யார் யார் காலையோ பிடித்து, போன மாதம்தான் அதே நிலையத்தில் சேர்த்துவிட்டிருந்தார்.

"எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"காய்ச்சல் விட்டுடுச்சு மச்சான். பயம்தான் விடல."

"என்ன பயம்?"

மாப்பிள்ளை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"விசிட்டர் வர்ற அன்னைக்குக் கம்பியெல்லாம் ஒரே பிசுக்கா இருந்துது. உங்களுக்கு நல்ல பேர் வரட்டுமேன்னு நார் போட்டுத் தேய்ச்சுட்டேன். ஆபரேட்டர் அண்ணன் பார்த்துட்டுத் தலையில கைய வெச்சு உட்கார்ந்துட்டார். அழுதே விட்டார் மச்சான். அப்புறம் அவரே, 'இப்பதான் வேலை கிடைச்சிருக்கு, நீங்க வாயைத் திறக்காதீங்க. சார் நல்ல மனுஷன், நான் பக்குவமா பேசிக்கறேன்'னு அனுப்பி வெச்சார்."

பிள்ளைகள் என்று கொஞ்சியவர் தேய்ப்பாரா? காலையில் பொறியாளருக்கு அது தோன்றவே இல்லையே!

"மச்சான்... அண்ணன் உங்ககிட்ட பேசினாரா?"