இன்னொரு முங்கு

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவார நீர்த்தேக்கத்தில் மார்கழி வெயிலுக்கு இன்னும் சூடேறவில்லை. போலீஸ் முக்குளிப்புத் தேர்வில் முதல் முங்கை முடித்துக் கரையேறிய ஐயாதுரைக்கு உதடு கறுத்துப் பற்கள் தந்தியடிக்கின்றன. இன்னொரு முங்கு பாக்கியிருக்கிறது. நடுக்கம் நிற்காவிட்டால் இறக்க முடியாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். போன வருஷமும் இப்படித்தான் நடுக்கத்தால் தேர்வு கைவிட்டுப்போக, வீட்டுக்குத் திரும்பி, முகம் கொடுத்துப் பேசாமல் படுத்துக்கொண்டான். அவன் ரப்பர் உடுப்பின் ஜிப்பை இழுக்கப்போக, மனைவி செல்லக்கனி கையைப் பிடிக்கிறாள். "கழட்டாதிய. உள்ள நிக்க தண்ணி ஒங்க ஒடம்புச் சூட்டுலதான் வெதுவெதுங்குதாம். தொறந்தா அம்புட்டும் போயிரும்னு சார் சொன்னாவ." பிளாஸ்க் வெந்நீரைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, அவன் கழுத்துப் பட்டிக்குள் மெல்ல ஊற்றுகிறாள். அது இறங்க இறங்க, அவன் முதுகு தளர்வது அவள் உள்ளங்கைக்குத் தெரிகிறது. விறைத்த விரல்களைச் சேலைத் தலைப்பில் சுற்றித் தேய்க்கிறாள். "எம்புட்டுச் சொகமா இருக்கு, ஏட்டி" என்கிறான், வார்த்தை உடையாமல். "ஐயாதுரை, எறங்கலாமா?" என்று பயிற்சியாளர் கேட்கிறார். அவன் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுகிறான். வட்டம் ஆடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மறைகிறான். மேலே குமிழிகள் மட்டும் நகர்கின்றன. செல்லக்கனி அவற்றின் கூடவே கரையோரமாக நடக்கிறாள்.