வால்நட் கறை

“கையை இப்படி வெளிச்சத்துல காட்டுங்க தம்பி. சும்மா சும்மா இழுக்காதீங்க.”

பராஸ்கோவியா வெனியமினின் கட்டைவிரலை விடுவதாக இல்லை. நகத்தின் நடுவே, அடியிலிருந்து நுனிவரை ஒரு கறுப்புக் கோடு ஓடியது.

“வால்நட் கறைக்கா இந்தப் பாடு?” வெனியமின் சிரித்தார். “ஞாயித்துக்கிழமை மூணு கூடை வால்நட்டுக்குப் பச்சைத் தோல் உரிச்சேன்க்கா. செப்டம்பர் மாசம் நம்ம ஊர்ல யார் விரல் வெள்ளையா இருக்கு? விடுங்க, வெளியே பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க.”

“உட்காரட்டும். மூணு கூடை உரிச்சா பத்து விரலும் கறுக்கணும். இது ஒண்ணுல மட்டும் ஸ்கேல் வச்சுக் கிழிச்ச மாதிரி கோடா?”

“மத்ததெல்லாம் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சேன். போயிடுச்சு.”

“இது ஏன் போகலை?”

அவர் விரலை இழுத்துப் பார்த்தார்; அவள் விடவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

“இந்த வாரம் மட்டும் எத்தனை கறுப்பு விரல் பார்த்துட்டேன் தெரியுமா? எல்லாம் வால்நட்தான். இதுவும் அதுதான்.”

பராஸ்கோவியா மேஜை மேலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, நகத்தின் மேல் பிடித்துக் குனிந்தாள். முகத்தில் விளையாட்டு இல்லை.

“ஈஸ்டர் அன்னிக்கு சர்ச் வாசல்ல சிவப்பு முட்டை மோதி உடைச்சோமே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கே பார்த்தேன். மெல்லிசா, நூல் மாதிரி இருந்துச்சு. இப்போ அகலமாயிருக்கு. ஈஸ்டருக்கு எந்த மரத்துல தம்பி வால்நட் காய்ச்சுது?”

வெனியமினின் சிரிப்பு நின்றது. இப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது.

“என் கொழுந்தனாருக்குக் கால்விரல்ல இதே கோடு. செருப்பு நசுக்கினதுன்னே சொல்லிட்டிருந்தார். கடைசியில பார்த்தா புத்துநோய்; அடுத்த அறுவடைக்கு ஆள் இல்லை. தலைநகர் கிஷினாவுல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், நகத்தடியில சதை எடுத்துப் பார்த்துடுங்க. ஒண்ணுமில்லைன்னு வந்தா எனக்கு ஒரு பாட்டில் ஒயின்.”

“நாளைக்கே போறேன்க்கா.”

வெனியமின் பரிந்துரைக் கடிதத் தாளை இழுத்தார். ‘நோயாளி’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். கீழே ‘தோல் மருத்துவர்’ என்ற இடத்திலும் தானே கையெழுத்துப் போட்டார்.

“சரி, நீங்க எதுக்குக்கா வந்தீங்க?”

“முழங்கையில அரிப்பு, டாக்டர். பார்க்காமலே வால்நட்னு எழுதிடாதீங்க!”