பூ இருந்தால் பாதை

"ராத்திரி நல்லாத் தூங்கினாளா?"

சைக்கிளை வேலியில் சாய்ப்பதற்கு முன்பே டூரி கேட்டுவிட்டான். கீழே ஊர் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. அவ்வளவு மேட்டையும் மிதித்தே ஏறி வந்ததில் அவன் நாக்கு முழங்கால்வரை தொங்கியது.

"அவ தூங்கினா. எனக்குத்தான் பொட்டுத் தூக்கமில்ல," என்றார் டுமாஷ். தொழுவத்து வாசலில், பால் கறக்கும் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வீக்கம் எப்படியிருக்கு?"

"நீயே பாரேன்."

டூரி வைக்கோலில் மண்டியிட்டான். நோயாளி தன் பெரிய பழுப்புக் கண்ணால் அவனை ஒருமுறை அளந்துவிட்டு, மறுபடி அசைபோட ஆரம்பித்தாள். ப்ரூனா என்கிற அந்தப் பசுவுக்கு நடந்த பணிவிடை, பட்டத்து ராணிக்குக்கூட நடந்திருக்காது.

காரணம் இருந்தது. கோடையின் நடுவில் ஒருநாள் டூரி தன் மலைச் சைக்கிளில் இடிபோல வளைவில் இறங்க, எதிரே வந்த ப்ரூனா மிரண்டு பள்ளத்தில் பாய்ந்துவிட்டாள். அவள் கழுத்து மணியின் வாரைப் பிடித்துத் தொங்கிய டுமாஷும் கூடவே உருண்டார்.

ஹெலிகாப்டர் வந்தது. நாலு காலும் தொங்க, ப்ரூனா வலைக்குள் ஆகாயமார்க்கமாக மேலே தொழுவத்துக்குப் போனாள். மாதா கோயில் மணி தானாக அடித்ததாகவும், எதிர்மலையில் இரண்டு கிழவர்கள் அதோடு குடியை விட்டுவிட்டதாகவும் பேச்சு. டுமாஷ் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு நடந்தே மேலே ஏறி வந்தார்.

சைக்கிள் பாதை அவர் மேய்ச்சல் நிலத்தின் வழியாகத்தான் போகிறது. டூரியும் கூட்டாளிகளும் கடப்பாரை பிடித்து வெட்டிய பாதை. அதை மூடினால் கேபிள் கார் நிற்கும், விடுதி பூட்டும், டூரியின் வாடகை சைக்கிள் கடையில் சிலந்திதான் சைக்கிள் ஓட்டும்.

டுமாஷ் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மாடு இறங்குற அன்னிக்குப் பாத்துக்கலாம். தலையில பூ இருந்தா பாதை உனக்கு. இல்லேன்னா வளைவுக்கு வளைவு முள்வேலிதான்."

கோடை முழுக்க மலைமேல் மேயும் மாடுகள், அங்கே ஒரு சாவும் விழாதிருந்தால்தான், குளிருக்கு முன் பூ வைத்துக்கொண்டு ஊருக்குள் இறங்கும். விழுந்துவிட்டால் மொட்டைத் தலைதான். அந்தப் பக்கத்து வழக்கம் அது.

ஆகவே டூரி தினமும் ஏறினான். ஆளிவிதைக் கஞ்சி, வால்நட் கேக், பள்ளத்தாக்கிலிருந்து திட்டத் திட்ட இழுத்து வந்த மாட்டு வைத்தியர் என்று ஒன்று பாக்கியில்லை. இன்றைக்கு மலை அணில் கொழுப்புத் தைலம். ப்ரூனாவின் காலில் அவன் தேய்த்த தேய்ப்பில் முகம் பார்த்துச் சவரமே செய்யலாம்.

"அதுல கொஞ்சம் மிச்சம் வையேன்ப்பா," என்றார் டுமாஷ்.

"ஐயோ பெரியவரே, ரெண்டு வேளைக்குத்தான் காணும்! எதுக்கு?"

"சும்மாதான்."

டுமாஷின் மனைவி பார்லா பாலாடைக்கட்டிக் கொப்பரையை விட்டு எழுந்து வந்தாள். முக்காலிக்குக் கீழே ஆறிக் கிடந்த சூப்புக் கிண்ணத்தை எடுத்தாள். கிண்ணம் நிறைந்தே இருந்தது.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க," என்று டூரி சைக்கிளில் ஏறினான். "உங்க வீட்டு நோவு என் பொறுப்பு!"

பார்லா அவனையே பார்த்தாள். அவன் ப்ரூனாவுக்குக் கையசைத்துவிட்டுப் பறந்தான்.

அதற்கப்புறம் மூன்று நாள் விடாத பனிமழை. பாதை வழுக்குப் பாறையாகிவிட்டது. மேலே போன் எடுக்காது. டூரி கடையில் இருப்புக்கொள்ளாமல், ஏற்கெனவே பளபளத்த சைக்கிள்களையெல்லாம் திரும்பத் திரும்பத் துடைத்தான்.

மாடு இறங்கும் நாள் வந்தது. ஊர் முனையில் வாத்தியக் குழு முழங்க, சுற்றுலாக்காரர்கள் கேமராவோடு முண்டியடித்தார்கள். டூரி வேலிமேல் ஏறி நின்றான். நகத்தைக் கடித்துத் தீர்த்து, கையுறையைக் கடிக்கத் தொடங்கியிருந்தான்.

மணியோசை கேட்டது. வளைவில் முதல் தலை தெரிந்தது. நொண்டியபடி, ஆனால் சொந்தக் காலில் வந்தாள் ப்ரூனா!

"பொழைச்சுட்டா! ஏய், பொழைச்சுட்டாடா!" டூரி குதித்து, பக்கத்தில் நின்ற எக்காளக்காரரைக் கட்டிப் பிடித்தான். அவர் திரும்பக் கட்டிப் பிடிக்கவில்லை. எக்காளத்தை இறக்கிவிட்டு, தொப்பியைக் கழற்றினார். ஒவ்வொரு வாத்தியமாக அடங்கியது.

அப்போதுதான் டூரி பார்த்தான். ப்ரூனாவின் கொம்பில் பூ இல்லை. பின்னால் வந்த எந்த மாட்டின் தலையிலும் ஒற்றை இதழ்கூட இல்லை.

மந்தையின் கடைசியில் டுமாஷின் கோலை ஊன்றிக்கொண்டு பார்லா வந்தாள். டூரி ஓடிப்போய் மறித்தான்.

"பார்லாம்மா, பூ எங்க? மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

"அப்புறமென்ன? ப்ரூனாதான் முன்னால போறாளே! நானும் எண்ணிட்டேன், எல்லா மாடும் இருக்கே!"

பார்லா நிற்கவில்லை. அவனைக் கடந்து போகும்போது சொன்னாள்:

"மாடெல்லாம் இருக்கு டூரி. எப்படியிருக்காருன்னு நீ ஒரு நாளும் கேக்காத ஆளுதான் இல்ல."