வாசிக்காத முதல் வரி

மூன்று சொல்தானே, கிளிகூடச் சொல்லிவிடும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

வெளியே, "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றாள்.

எதிரே, முதலாளியின் மருமகள் சுழல்நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நேற்றுவரை அட்டைப்பெட்டிகள் அடைந்து கிடந்த அறை. மேசை துடைத்த ஈரம்கூட இன்னும் காயவில்லை.

"சோய் லா டிரெக்தோரா. நான்தான் இயக்குநர். சரியாக்கா? நாக்கு சுளுக்கிக்குது!"

அடுத்தது ஹெஃபா, தலைவி. அதற்கடுத்தது பிரெசிதென்தா, நிறுவனத்தின் தலைவர்.

பதினோரு வருடங்களுக்கு முன், மதிய இடைவேளைகளில், அட்டை போன அகராதியை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பவள் தானாகவே படித்த மொழி. இந்தக் கம்பெனியில் தைக்கும் கையுறைகளை வாங்கும் வெளிநாட்டுக் கடைக்காரம்மா ஸ்பானிஷில் மட்டும்தான் எழுதுவார். தையல் பிரிந்த சரக்குக்கு மன்னிப்புக் கேட்டது, நூலை மாற்றியது, நனைந்த பெட்டிகளை ஏற்றாமல் நிறுத்தியது எல்லாம் இவள். முதலாளிக்கு அப்புறம் சொன்னால் போதும்.

போன வாரம் அந்தக் கடைக்காரம்மாவிடமிருந்து வந்த கடிதத்தை அவருக்கு மொழிபெயர்த்து வாசித்தாள். 'டிரெக்தோராவை நேரில் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறேன்.'

"அப்படின்னா யாரு?"

"பெண் இயக்குநர், சார்."

அவர் மின்விசிறியைப் பார்த்து யோசித்தார். பிறகு மருமகளுக்கு ஃபோன் போட்டார்.

இப்போது கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவருக்கு, நாற்காலியில் மருமகளைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"பிரமாதம்! நாளைக்கு அந்தம்மா வர்றப்ப இவ சிரிச்சா போதும். பின்னாடி நின்னு நீ பேசிடும்மா. அந்த லெட்டரை மேசையில வை, இவளே படிச்சுக்கிட்டிருந்த மாதிரி இருக்கும்."

கடிதம் சொல்லிக்கொடுத்தவள் கையில்தான் இருந்தது.

அன்று வாசித்தபோது முதல் வரியை மட்டும் விட்டுவிட்டிருந்தாள். தன் வாயாலேயே எப்படிச் சொல்வது என்ற கூச்சம். அவராகவே ஒருமுறை நிமிர்ந்து தன்னைப் பார்ப்பார் என்ற நப்பாசையும்தான்.

'அன்புள்ள டிரெக்தோரா' என்று எழுதி, அதையொட்டி அவளுடைய பெயர். பதினோரு வருடமாக எல்லாக் கடிதமும் அப்படித்தான் தொடங்கும்.

நாலாக மடித்தாள். கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இது எனக்கு வந்த லெட்டர் சார்" என்றாள், குரலை உயர்த்தாமல். "பின்னாடி நிக்க வேற ஆளைப் பாருங்க."